குளிர்காலத்தில் சாரைப்பாம்பு இரை எடுக்கவில்லை என்றால் பயப்பட வேண்டுமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து எழுதியிருக்கும் சகோதரியின் கேள்வியை, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய மகன் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் படிக்கிறார். நாலடிக்கு மேல் நீளமுள்ள ஒரு பிளாக் ரேட் ஸ்நேக், அதாவது நச்சில்லாத அமெரிக்கக் கருஞ்சாரை, வளர்க்கிறார். நவம்பர் தொடக்கத்திலிருந்து அது எலியைத் தொடவில்லை. டிசம்பர் நடுவில் அக்கா கல்யாணத்துக்காக அவர் ஐந்து வாரம் சிங்கப்பூர் வருகிறார். பாம்பு அறைத்தோழரின் பொறுப்பில் இருக்கப்போகிறது. "குளிர்காலத்தில் பாம்பு தூங்கத்தானே செய்யும், ஹீட்டரை அணைத்துவிட்டு வரச் சொல்" என்கிறார் வீட்டில் மாமா. பட்டினியிலேயே செத்துவிடுமோ என்று மகன் கலங்குகிறார். கூடவே, அதை இங்கே கொண்டுவந்துவிட முடியுமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறார்.

பல கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பாம்பு சாப்பிடாமல் இருப்பது பருவத்தாலா, நோயாலா? அது தெரிந்துவிட்டால் ஹீட்டரை என்ன செய்வது, அறைத்தோழரிடம் என்ன சொல்லிவிட்டு வருவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். நான் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவில் பல வருடங்கள் பராமரிப்பாளராக வேலை பார்த்தவன். பிட்ஸ்பர்க்கின் குளிரும் அந்தக் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த வகைப் பாம்புகள் எங்கள் பிரிவில் எப்போதும் இருந்தன. சிங்கப்பூர் திரும்பிய பிறகு குடியிருப்புகளுக்குள் புகும் பாம்புகளை மீட்கும் வேலையில் இருக்கிறேன். கால்நடை மருத்துவர் இல்லை. நேரில் பார்க்காத ஒரு பாம்புக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்ல முடியும்.

உடனே தெரிய வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல உடல்வாகுள்ள வளர்ந்த பாம்பு ஐந்து வாரம் அல்ல, இரண்டு மூன்று மாதம் சாப்பிடாமல் இருந்தாலும் சாகாது. மாமா சொன்னபடி ஹீட்டரை அணைத்துவிட்டு வந்தால் சாகக்கூடும். அதுவும் கடைசி நேரத்தில் பாவம் என்று ஒரு எலியைக் கொடுத்துவிட்டு அணைத்தால் ஆபத்து இரண்டு மடங்கு.

காட்டில் அது எப்படி வாழ்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் காரணம் புரியும். கிழக்கு அமெரிக்காவில் இந்தப் பாம்புகள் அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் தரைக்கு அடியில் இறங்கிவிடும். வெயில் படும் சரிவுகளில் இருக்கும் பாறை இடுக்குகள், மட்கிய மரங்களின் வேர்ப்பொந்துகள், பழைய கிணறுகள், வீடுகளின் அடித்தளம் என்று உறைபனி எட்டாத ஆழம் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும். ஏப்ரல் வாக்கில்தான் வெளியே வரும். ஒரே பொந்தில் டிம்பர் ராட்டில் ஸ்நேக், காப்பர்ஹெட் போன்ற நச்சுப்பாம்புகளும் சேர்ந்தே குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால்தான் நச்சுப்பாம்புகளுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போவது இதுதான் என்று நம்பி, அங்கேயுள்ள கிராமத்து மக்கள் இதைப் 'பைலட்' என்று அழைத்தார்கள். வழிகாட்டுவதெல்லாம் இல்லை, எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒரே மாதிரி இடம். கனடாவின் ஒன்டாரியோவில் இவற்றைப் பல வருடங்கள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான பாம்புகள் வருடா வருடம் அதே பொந்துக்கே திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஒடுக்கத்தைத் தூக்கம் என்று நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. பாலூட்டிகளில் கரடியோ அணிலோ உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, தன் உடம்பின் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். பாம்புக்குத் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வசதி இல்லை. சுற்றுப்புறம் எந்த வெப்பமோ அதன் உடம்பும் அதே வெப்பம்தான். குளிர்ந்தால் இதயம் மெதுவாகும், மூச்சு மெதுவாகும், செரிமானம் ஏறக்குறைய நின்றே போகும். ஆனால் அது விழித்துத்தான் இருக்கும். இடையில் கொஞ்சம் வெதுவெதுப்பான நாள் வந்தால் பொந்து வாசலுக்கு வந்து வெயில் காயும், தண்ணீர் குடிக்கும். பொந்துக்குள் போவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே இரை எடுப்பதை நிறுத்திவிடும். இந்தக் கடைசி விஷயம்தான் உங்கள் மகனின் கேள்விக்கு மையம்.

எல்லாச் சாரைகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ரேட் ஸ்நேக் என்று ஆங்கிலத்தில் சொல்வது ஒரே இனம் இல்லை. அமெரிக்காவில் இருப்பவை ஒரு பிரிவு. செல்லப்பிராணியாக உலகெங்கும் வளர்க்கப்படும் கார்ன் ஸ்நேக்கும் அதற்குள்தான் வரும். நம் ஊர் வயல்வெளிச் சாரை முற்றிலும் வேறு பிரிவு. அமெரிக்கப் பாம்பு எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். நம் சாரை தன் உடம்பால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுங்கும். நம் சாரை வட இந்தியக் குளிரில் ஒடுங்கும், தமிழ்நாட்டில் மார்கழியிலும் வரப்பில் ஓடும். அமெரிக்காவிலேயே ஃபுளோரிடாவில் இருப்பவை குளிர்காலத்திலும் வெதுவெதுப்பான நாட்களில் நடமாடும். சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே டிசம்பர் ஜனவரி மழைக்காலத்தில்கூட இரவு வெப்பம் பெரும்பாலும் 23, 24 டிகிரிக்குக் கீழே போவதில்லை. 1934 ஜனவரியில் 19.4 டிகிரி பதிவானதுதான் இங்கே இதுவரை மிகக் குறைவு. வருடம் முழுக்கப் பகல் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் மாறுவதும் இல்லை. அதனால் நம்மைச் சுற்றியிருக்கும் பாம்புகளைப் பார்த்து பிட்ஸ்பர்க் பாம்பைக் கணிக்க முடியாது. மாமா சொன்னது அங்கே காட்டில் இருக்கும் பாம்புக்குச் சரி, அறையில் இருக்கும் பாம்புக்குச் சரியில்லை.

சரி, அறைக்குள் கண்ணாடித் தொட்டியில், அடியில் சூடேற்றும் விரிப்பான ஹீட் மேட்டுக்கு மேல் படுத்திருக்கும் பாம்புக்குக் குளிர்காலம் வந்தது எப்படித் தெரியும்? இங்கே உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். வெப்பமும் பகல் நீளமும் ஊர்வனவற்றின் பருவச் செயல்பாட்டை நடத்துகின்றன என்பது உறுதி. பிட்ஸ்பர்க்கில் ஜூனில் பகல் பதினைந்து மணி நேரம் நீளும், டிசம்பரில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் தொட்டியில் விழுந்தால் பாம்புக்கு அது போதும். இரவில் ஜன்னலோரம் நாலைந்து டிகிரி குளிர்வதும் அதற்குத் தெரியும். காற்றழுத்தம் மாறுவதையும் அது உணர்கிறது என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை, ஆனால் இரை எடுக்காததற்கு அதைக் காரணமாகக் காட்ட எனக்குத் துணிவில்லை. அனுபவத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று உண்டு. காட்டிலிருந்து பிடித்து வந்த பாம்புகள், தொட்டியின் வெப்பத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் வைத்திருந்தாலும், குளிர்காலம் வந்ததும் இரையை மறுக்கும். வளர்ப்பவர் வீட்டிலேயே முட்டையிலிருந்து பொரித்தவை பெரும்பாலும் வருடம் முழுக்கச் சாப்பிடும். நடுவில் ஒன்றிரண்டு எலியை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிடும். ஆகவே உங்கள் மகன் தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது இது: பாம்பு எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து வந்தது என்றால், நவம்பரில் சாப்பாட்டை நிறுத்தியது ஏறக்குறைய எதிர்பார்த்ததுதான். அப்படி வந்ததற்குக் குடலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்க வாய்ப்பும் கூடுதல். அது நல்லபடியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஒரு மலப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

பட்டினியைப் பற்றிய பயத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். ஒரு வளர்ந்த அமெரிக்கச் சாரைக்கு, இரை எடுக்கும் மாதங்களிலேயே, பத்திலிருந்து பதினான்கு நாளைக்கு ஒரு எலி போதும். எலியின் பருமன் பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடத்தின் அளவுக்கு இருந்தால் சரி. குட்டிகளுக்குத்தான் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை தேவை. வீடுகளில் வளரும் பாம்புகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் காட்டுப் பாம்பைவிடக் கொழுத்தவை. வாரா வாரம் எலி கொடுக்கும் ஆர்வத்தில் வளர்ப்பவர்கள் அதை அப்படி ஆக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட உடம்புக்குக் குளிர்காலப் பட்டினி ஒரு கேடும் செய்யாது. 2007ல் மார்ஷல் மக்யூ என்ற உயிரியலாளர் வெளியிட்ட ஆய்வில் ரேட் ஸ்நேக், பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு, ராட்டில் ஸ்நேக் மூன்றையும் ஏறக்குறைய ஆறு மாதம் இரையில்லாமல் வைத்துப் பார்த்தார். சில பாம்புகள் தங்கள் அன்றாட ஆற்றல் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. ஆறு மாதம் பட்டினி போடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் பதற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பதற வேண்டிய இடம் வேறு. செரிமானத்துக்குச் சூடு வேண்டும். 30 டிகிரி கிடைத்தால் விழுங்கிய எலியைப் பாம்பு நாலைந்து நாளில் கரைத்துவிடும். அதே எலி வயிற்றுக்குள் இருக்கும்போது உடம்பு 15, 18 டிகிரிக்கு இறங்கினால், செரிக்க வைக்கும் சாறுகள் வேலை செய்யாது. எலிக்குள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். எலி வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கினால் பிழைக்கும். கக்க முடியாமல் போனால் பிழைப்பது கஷ்டம். இன்னொரு பக்கம், வயிறு காலியாகவே இருந்தாலும், 15லிருந்து 20 டிகிரி வரை உள்ள நடு வெப்பம் வாரக்கணக்கில் நீடிப்பது நல்லதில்லை. ஒடுங்கிப்போகிற அளவுக்குக் குளிரில்லை, அதனால் உடம்பு ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்டுச் செரிக்கும் அளவுக்குச் சூடும் இல்லை. நோய் எதிர்ப்பும் குறைந்துவிடும். மூச்சுக்குழாய்த் தொற்று, வாய்ப்புண் எல்லாம் இந்த நடுநிலையில்தான் வரும். குளிர்காலத்தில் எங்களிடம் மக்கள் தூக்கிக்கொண்டு வந்த பாம்புகளில் பாதிக்குமேல் இந்தக் கதைதான். "ஹீட்டர் வேலை செய்யவில்லை, ஆனால் வீடு அவ்வளவு குளிரவில்லையே" என்பார்கள். நமக்கு ஸ்வெட்டர் போட்டால் போதும் என்கிற வெப்பம் பாம்புக்கு மிகக் கெட்ட வெப்பம்.

ஆகவே தம்பிக்கு இரண்டு பாதைகள்தான் உண்டு. முழுச் சூட்டோடு வைத்திருப்பது ஒன்று. முறையாக ஒடுங்க வைப்பது மற்றொன்று. அமெரிக்காவில் இனப்பெருக்கத்துக்காக வளர்ப்பவர்கள் இரண்டாவதைச் செய்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன் என்பது அதிலேயே தெரியும். கடைசி இரைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் முழுச் சூட்டிலேயே வைத்து வயிற்றையும் குடலையும் காலியாக்க வேண்டும். பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பத்தை 10லிருந்து 13 டிகிரிக்கு இறக்க வேண்டும். அங்கேயுள்ள ஃபாரன்ஹீட் தெர்மோமீட்டரில் 50லிருந்து 55. இருட்டில், அசைவில்லாத இடத்தில், எப்போதும் சுத்தமான தண்ணீரோடு எட்டுப் பத்து வாரம் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை மூச்சும் எடையும் பார்க்க வேண்டும். பிறகு அதே நிதானத்தில் சூடேற்றி, முழுச் சூட்டில் சில நாட்கள் விட்டு, சின்ன எலியாகக் கொடுக்க வேண்டும். இத்தனையையும் பாம்பையே தொட்டுப் பழகாத ஓர் அறைத்தோழர் கையில் கொடுப்பது நியாயமில்லை. காரேஜில் வைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பிட்ஸ்பர்க்கில் ஜனவரி இரவுகள் உறைநிலைக்கு நன்றாகக் கீழே போகும். காட்டில் பாறைக்கு அடியில் கிடைக்கும் பாதுகாப்பு காரேஜில் கிடையாது. மெலிந்த பாம்பு, நோயுள்ள பாம்பு, குட்டிப்பாம்பு ஆகியவற்றை எந்தக் கையிலும் ஒடுங்க வைக்கக் கூடாது. அப்புறம், ஒடுங்க வைக்காவிட்டால் ஆயுள் குறையும் என்று சிலர் சொல்வது நிரூபிக்கப்பட்டதில்லை. இனப்பெருக்கம் வேண்டாம் என்றால் செல்லமாக வளரும் பாம்புக்கு அது அவசியமில்லை. வருடம் முழுக்கச் சூட்டிலேயே இருந்து இருபது வருடம் வாழ்ந்த கார்ன் ஸ்நேக்குகள் உண்டு.

எனவே என் யோசனை முதல் பாதை. தம்பி கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது எடை பார்ப்பது. சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு போதும். பாம்பை ஒரு மூடிபோட்ட டப்பாவில் வைத்து எடை பார்த்து, டப்பாவின் எடையைக் கழித்துவிட வேண்டும். நவம்பருக்கு முன் எடுத்த எடை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்; இல்லையென்றால் இன்றைய எடையே இனிமேல் அளவுகோல். பருவத்தால் சாப்பிடாத பாம்பு எடையை மிக மெதுவாகத்தான் இழக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் சதை நிறைந்திருந்தால் நல்லது. முதுகு கூரை போல் கூர்ந்து, பக்கங்கள் உள்வாங்கியிருந்தால் மெலிந்துவிட்டது என்று பொருள். அப்போது ஐந்து வாரம் விட்டுவிட்டு வருவதைப் பற்றியே மறுபடி யோசிக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். தொட்டியின் ஒரு மூலையில் 29லிருந்து 31 டிகிரி, எதிர் மூலையில் 22லிருந்து 25 இருக்க வேண்டும். அவர் பார்க்கும் ஃபாரன்ஹீட் அளவில் 84 முதல் 88, 72 முதல் 77. கையால் தொட்டுப் பார்த்து "சூடாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது போதாது. பாம்பு படுக்கும் இடத்திலேயே அளக்கும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். ஹீட் மேட் கட்டாயம் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வயிற்றுச் செதில்கள் வெந்துவிடும். சூடான கல் என்று கடையில் விற்பதை வாங்கவே வேண்டாம். அதில் சுட்டுக்கொண்ட வயிறுகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அமெரிக்காவில் விடுமுறைக்குப் போகிறவர்கள் குழாய்த் தண்ணீர் உறையாமல் இருந்தால் போதும் என்று வீட்டு ஹீட்டரை 55 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 13 டிகிரிக்கு இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். அறைத்தோழரும் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். வீடு 13 டிகிரிக்கு இறங்கினால் தொட்டிக்கு அடியில் இருக்கும் சின்ன ஹீட் மேட்டால் ஈடுகொடுக்க முடியாது. நான் சொன்ன அந்தக் கெட்ட நடுநிலைக்குத் தொட்டி போய்விடும். வீட்டை 20 டிகிரிக்கு மேல் வைத்திருக்க ஆள் இல்லை என்றால், பாம்பைத் தொட்டியோடு வேறு நண்பர் வீட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

குளிர்கால வீடுகளில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். ஈரப்பதம் குறைந்தால் பாம்பு சட்டையைத் துண்டு துண்டாக உரிக்கும், கண்மேல் பழைய மூடி ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் 40லிருந்து 60 சதவீதம் ஈரப்பதம் போதும். ஈரமான பாசியைப் போட்ட ஒரு மூடிய டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி வைத்தால், வேண்டும்போது அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். கண் பால்நீலமாக மங்கியிருந்தால் அது சட்டை உரிக்கத் தயாராகிறது. அந்த வாரம் இரை எடுக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை இரை கொடுத்துப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் புறப்படுவதற்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு. வழக்கத்தைவிடச் சின்னதாக ஓர் உறையவைத்த எலியை எடுத்து, ஃபிரிட்ஜில் வைத்து உறைபனி விட்ட பிறகு வெந்நீரில் நனைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து, மாலை மங்கும் நேரத்தில் கொடுத்துவிட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். காலையில் அப்படியே கிடந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். தினமும் எலியை முகத்தின் முன்னால் ஆட்டுவதால் பாம்பு மிரளுமே தவிரப் பசிக்காது. உயிருள்ள எலியைப் போட்டால் சாப்பிடுமே என்று சிலர் சொல்வார்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். வாயைப் பிளந்து ஊட்டுவது மருத்துவர் கையால் மட்டும் நடக்க வேண்டிய காரியம். அப்புறம் புறப்படுவதற்கு முந்தைய நாள் மனசு கேட்காமல் ஓர் எலியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதை மட்டும் தம்பி செய்யக் கூடாது. பாம்பு அதைக் கக்கினால் பார்க்க ஆள் இருக்காது. வெப்பம் குறைந்தால் கேடும் அதிகம்.

அறைத்தோழரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுவது, தினமும் இரண்டு மூலைகளின் வெப்பத்தைப் படம் எடுத்து அனுப்புவது, மூடி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. இந்தப் பாம்பு மரம் ஏறும் இனம். மூடியைத் தலையால் நெம்பித் திறக்கும் பலம் அதற்கு உண்டு. குளிர்காலத்தில் தப்பி ஓடி ஜன்னலோரத்தில் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிப்பது பெரும் பாடு. இரை கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடவே வேண்டாம், தூக்கி விளையாடவும் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையல் பாத்திரங்களோடு கழுவாமல் தனியாகக் கழுவி, கையையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஆரோக்கியமான பாம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். பனிப்புயலில் மின்சாரம் போனால் தொட்டியை வீட்டிலேயே வெதுவெதுப்பான அறைக்கு நகர்த்தி, காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே கனமான போர்வைகளால் சுற்ற வேண்டும். ஒருநாள் குளிர்வதால், வயிறு காலியாக இருக்கும் பாம்புக்குப் பெரிய கேடு வராது. கிளம்பும் நேரத்தில் இரை கொடுக்க வேண்டாம் என்று அவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பருவம் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையை அண்ணாந்தே வைத்திருப்பது, மூக்கிலோ வாயிலோ நுரை, மூச்சில் விசில் சத்தம், கக்குவது, நாற்றமுள்ள நீர்த்த மலம், உடம்பின் நடுவில் இறங்காத வீக்கம், மல்லாக்கப் புரட்டினால் திரும்பாமல் கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காரணம் பருவம் இல்லை. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாய் பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. அசோசியேஷன் ஆஃப் ரெப்டிலியன் அண்ட் ஆம்ஃபிபியன் வெட்டெரினேரியன்ஸ் என்ற சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஊர் வாரியாக மருத்துவர்களைத் தேடலாம். புறப்படும் முன்பே ஒருவரின் எண்ணை அறைத்தோழரிடம் கொடுத்து வைக்கட்டும். பருவத்தால் சாப்பிடாத பாம்பு எப்படி இருக்கும் என்றால், நாக்கை நீட்டும், தொட்டால் நகரும், மறைவிடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே போய்வரும், இரையை மட்டும் வேண்டாம் என்னும்.

சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்குப் பதில்: முடியாது. இங்கே செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதியுள்ள ஊர்வன இரண்டே இரண்டு, செங்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும். பாம்பு எந்த இனமாக இருந்தாலும் அனுமதி இல்லை. நச்சில்லாதது, தொட்டியில் பிறந்தது என்ற காரணமெல்லாம் எடுபடாது. தேசியப் பூங்காக் கழகம் இதில் கண்டிப்பாகவே நடந்துகொள்கிறது. படிப்பு முடிந்து தம்பி நிரந்தரமாகத் திரும்பும்போது பாம்புக்கு அங்கேயே நல்ல வீடு பார்க்க வேண்டியிருக்கும். இருபது வருடம் வாழக்கூடிய உயிர் என்பதால் அந்த ஏற்பாட்டை இப்போதே யோசிக்கத் தொடங்கச் சொல்லுங்கள். காட்டில் கொண்டுபோய் விடுவது, அதுவும் குளிர்காலத்தில், வழி இல்லை. எந்தப் பொந்துக்குப் போவது என்று அதற்குத் தெரியாது.

ஜனவரி கடைசியில் தம்பி திரும்பியதும், இரண்டு மூலைகளின் வெப்பமும் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு சின்ன எலியைக் கொடுக்கட்டும். எடுத்தால் ஒரு வாரம், பத்து நாள் விட்டு அடுத்தது, அப்படியே மெல்ல வழக்கமான அளவுக்குப் போகலாம். மறுத்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. பிப்ரவரி, மார்ச்சில் பகல் நீளத் தொடங்கும்போது பெரும்பாலானவை தாமாகவே இரைக்கு வரும். ஆணாக இருந்தால் வசந்தத்தில் இன்னொரு பட்டினிக்குத் தயாராக இருக்க வேண்டும். இணை தேடும் காலத்தில் ஆண் பாம்புகள் வாரக்கணக்கில் தொட்டிக்குள் அலைந்துகொண்டே இருக்கும், எலியைத் திரும்பிப் பார்க்காது. காட்டில் அந்த நாட்களில் ஆண்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மல்லுக்கட்டும். நம் ஊரில் சாரையும் நல்லபாம்பும் இணைகின்றன என்று சொல்லிக் காட்டுவார்களே, அதுவும் பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டுதான்.

சகோதரி, தம்பியிடம் கேட்டு நான்கு விவரங்களை எழுதுங்கள்: பாம்பின் இன்றைய எடையும் நீளமும், ஆணா பெண்ணா, யாரிடமிருந்து எப்படி வந்தது, சூடான மூலையிலும் குளிர்ந்த மூலையிலும் இரவில் அளந்த வெப்பம். மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த ஒரு படம் இருந்தால் உடல்வாகைப் பார்த்துச் சொல்கிறேன். அவர் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் இந்த வாரமே வாங்கிப் பொருத்திவிடச் சொல்லுங்கள். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று அவரே சில நாள் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.